வில்லுக்கு ஏற்ற மரம் எது?

ஜம்ஷெட்பூரில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வில்லும் அம்பும் புராணக் கதையில் வரும் பொருள்கள் அல்ல. 1996இல் டாட்டா வில்வித்தைப் பயிற்சி நிலையம் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. ராஞ்சிப் பக்கத்தில் பிறந்து, மூங்கில் வில்லில் கை பழகி, பிறகு கர்சாவானிலும் இங்கும் பயின்ற தீபிகா குமாரி 2012இல் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தார். அவருக்கு முன்பே உதய்பூர்ப் பகுதிப் பழங்குடி இளைஞர் லிம்பா ராம், மூங்கில் வில்லில் தொடங்கி 1988 சியோல் ஒலிம்பிக் வரை போனார். இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் பையனோ பெண்ணோ, "அப்பா, எனக்கும் ஒரு வில்" என்று கேட்பதில் வியப்பில்லை.

ஒலிம்பிக் வகை வில்லை நல்லதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். ஆனால் நம் நாட்டுப் போட்டிகளில் 'இந்தியச் சுற்று' என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூங்கிலாலோ மரத்தாலோ ஆன எளிய வில்லைக் கொண்டு 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்யும் பிரிவு அது. சம்பளத்தில் குடும்பம் நடத்துபவரின் குழந்தையும் நுழையக்கூடிய வாசல். அதனால்தான் "நாமே ஒரு வில் செய்து கொடுத்தால் என்ன? எந்த மரம் வாங்கலாம்?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள்.

செய்யலாம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முழுக்க இழுத்த வில் குழந்தையின் முகத்திலிருந்து ஒரு கை நீளத்தில் இருக்கிறது. நாண் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த நிலையில் வில் முறிந்தால் உடைந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே மரம் தேர்ந்தெடுப்பது அழகுக்காகவோ சிக்கனத்துக்காகவோ மட்டும் அல்ல. கண்ணைக் காப்பாற்றுகிற வேலை.

தமிழில் ஸ்பிரிங் என்பதற்கும் வில் என்றுதான் சொல்கிறோம். பொருத்தமான பெயர். பழைய சரக்கு வண்டிகளின் சக்கரத்துக்கு மேலே பல பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை வில்லைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் கையால் இழுக்கும் வில்லும் ஒரே ஜாதி. வளைந்து, சக்தியைச் சேர்த்து வைத்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைவிட, எவ்வளவு வளைந்து மீளும் என்பதுதான் இரண்டிலும் முக்கியம்.

வில்லில் குறியைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். வில்லை இழுக்கும்போது முதுகுப் பக்கத்து நார்கள் நீளுகின்றன. வயிற்றுப் பக்கத்து நார்கள் நசுங்குகின்றன. நடுவில் உள்ளவை சும்மா இருக்கின்றன. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக நார் நீளும். கணக்கு எளிது. தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். ஐந்தடி வில் ஒன்றை முழுக்க இழுக்கும்போது அது ஏறத்தாழ 75 செ.மீ. ஆரமுள்ள வளைவுக்கு வருகிறது என்று கொள்வோம். மரத்தின் தடிமன் 15 மி.மீ. என்றால் பாதி 7.5 மி.மீ. அதை 750ஆல் வகுத்தால் நூற்றில் ஒன்று. அதாவது முதுகின் தோலில் உள்ள நார் ஒவ்வொன்றும் 1 சதவீதம் நீள வேண்டும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியலாம். பெரும்பாலான மரங்களுக்கு அதுதான் எல்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். "பலமான மரம்" என்று நாம் சொல்லும் மரம் வில்லுக்கு ஆக வேண்டும் என்று அவசியம் இல்லை. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் சால் மர ஸ்லீப்பர்கள் பல இடங்களில் தண்டவாளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. எத்தனை வண்டி போனாலும் அசையாத மரம். ஆனால் அதன் நார்கள் ஒரு அடுக்கில் வலப்பக்கமும் அடுத்த அடுக்கில் இடப்பக்கமும் சாய்ந்து பின்னிக் கிடக்கும். ஆணியை இறுகப் பிடிப்பதற்கு அது நல்லது. சீவி மெல்லியதாக்கும்போது அதே பின்னல் கெடுதலாகிறது. எந்த இடத்தில் சீவினாலும் சில நார்கள் குறுக்கே அறுபடுகின்றன. வேம்பும் இப்படித்தான். தேக்கு அறைகலனுக்கு அரசன். சுருங்காது, நெளியாது, செல் அரிக்காது. ஆனால் திடீர் உதறலைத் தாங்குவதில் அது சுமார்தான். மாமரப் பலகை மலிவு என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பெயரைவிட நார்தான் பெரிது. நல்ல ஜாதி மரத்தில் கோணல் நார் உள்ள துண்டைவிட, சுமாரான ஜாதியில் நேர் நார் உள்ள துண்டு எவ்வளவோ மேல். வில்லின் ஒரு நுனியில் தொடங்கிய நார் மறு நுனி வரை அறுபடாமல் போக வேண்டும். குறிப்பாக முதுகில். அறுத்த பலகையில் இது அமைவது அரிது. ரம்பத்துக்கு நாரைப் பற்றிக் கவலை இல்லை, அது போட்ட கோட்டில் போகும். ஆப்பு வைத்துப் பிளந்தால் மரம் தன் நாரின் வழியாகவே பிரியும். அதனால்தான் உலகெங்கும் வில் செய்தவர்கள் மரத்தை அறுக்காமல் பிளந்தார்கள். பிளந்த துண்டு கொஞ்சம் நெளிந்திருந்தாலும் பரவாயில்லை. நெளிவோடு சேர்த்தே சீவலாம்.

வேறு வழியில்லாமல் மரக்கடையில் பலகைதான் வாங்குவதென்றால், அதன் மேல்பக்கத்தையும் ஓரத்தையும் இரண்டையும் பாருங்கள். ரேகைகள் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வெளியேறினால், எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு சாய்கிறது என்று அளக்க வேண்டும். 20 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ.க்கு மேல் சாய்ந்தால் அந்தப் பலகை வில்லுக்கு வேண்டாம். கணு, சின்னஞ்சிறியதானாலும், முதுகில் இருக்கக்கூடாது. பட்டை வில் உடைந்து வந்தால் நாங்கள் முதலில் தேடுவது மேல் பட்டையில் ஏதாவது கீறல் இருக்கிறதா என்பதைத்தான். எஃகுக்கே அந்தக் கதி, மரத்தைக் கேட்பானேன்?

கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம்.

வில்லுக்கு எடுத்த அதே கட்டையிலிருந்து விரல் பருமனில் ஒரு குச்சியைப் பிளந்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு முழங்காலில் வைத்து முறியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. முள்ளங்கி முறிவதுபோல் 'டக்' என்று குறுக்கே முறிந்தால் அந்தக் கட்டை அடுப்புக்கு. நார் நாராகக் கிழிந்து, நீண்ட சிம்புகளோடு, இரண்டு துண்டும் விட்டுப் பிரிய மனமில்லாமல் தொங்கினால் அது நல்ல மரம்.

அடுத்தது வாளிச் சோதனை. அதே கட்டையிலிருந்து 3 மி.மீ. தடிமனும் இரண்டடி நீளமும் உள்ள ஒரு சிம்பைச் சீவி எடுங்கள். வாய் விட்டம் 30 செ.மீ. உள்ள ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் விளிம்பில் கால் சுற்று அளவுக்கு அந்தச் சிம்பை மெதுவாக வளைத்து ஒரு நிமிஷம் பிடியுங்கள். ஆரம் 150 மி.மீ.; தடிமனில் பாதி 1.5 மி.மீ.; மேலே சொன்ன அதே நூற்றில் ஒன்று. முறியாமல், விட்டவுடன் ஏறத்தாழ நேராக நிமிர்ந்தால் அந்த மரத்தில் தைரியமாக வில் செய்யலாம். முறியவில்லை, ஆனால் வளைந்தது வளைந்தபடியே நிற்கிறது என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, அல்லது வயிற்றுப் பக்கம் நசுங்கும் மரம் அது. பள்ளியில் இயற்பியல் படிக்கும் பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சரி, எந்த மரங்கள் இந்தச் சோதனைகளில் தேறும்?

இந்தப் பக்கத்துக் காடுகளில் தாமன் என்று ஒரு மரம் உண்டு. நம் ஊர் மலைகளில் அதைச் சடச்சி என்பார்கள். கோடாரிக்கும் மண்வெட்டிக்கும் பிடி போட அதைத்தான் தேடுவார்கள். அடியின் அதிர்ச்சியைக் கைக்கு விடாத மரம். சமஸ்கிருதத்தில் அதற்குத் தனுர்விருட்சம், வில்மரம், என்றே பெயர். நம் சங்க இலக்கியத்திலும் 'சிலை' என்றால் வில். சிலை என்பது ஒரு மரம் என்றும், அந்த மரத்தால் ஆனதால் வில்லுக்கு அந்தப் பெயர் வந்தது என்றும் உரைகாரர்கள் எழுதுகிறார்கள். மரத்தின் பெயரும் வில்லின் பெயரும் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தாமன் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் வாங்க வேண்டும். காட்டில் போய் வெட்டக்கூடாது.

டெல்லி, பஞ்சாப் பக்கம் உள்ள உறவினர்களுக்கு முசுக்கட்டை எளிதில் கிடைக்கும். அங்கே தூத் என்பார்கள். மல்பெரி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஹாக்கி மட்டை செய்ய அதைப் பயன்படுத்துவதிலிருந்தே அதன் குணம் தெரியும். ஆண்டு வளையங்கள் அதில் தெளிவாகத் தெரிவது வில் செய்பவருக்குப் பெரிய வசதி. முதுகைச் சீவும்போது ஒரே வளையத்தை நுனியிலிருந்து நுனி வரை தொடர்ந்து வைத்திருக்க முடியும். குளிர்காலத்தில் கிளை கழிக்கும்போது கைத்தடியைவிடப் பருமனான நேரான கிளை கிடைத்தால் விடாதீர்கள். பட்டையை மட்டும் உரித்துவிட்டு, பட்டைக்கு அடியில் உள்ள தோலையே முதுகாக வைத்துவிட்டால் ஒரு நாரும் அறுபடாது.

ஆனாலும் நம் நாட்டில், அதுவும் முதல் வில்லுக்கு, மூங்கிலை மிஞ்ச எதுவும் இல்லை. கி.மு. 480இல் பாரசீக மன்னனோடு கிரேக்கத்துக்குப் போன இந்திய வீரர்கள் நாணல் வகை வில்லும் அம்பும் வைத்திருந்ததாக ஹெரடோட்டஸ் எழுதுகிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு என்று நான்கு வகை வில்களைச் சொல்கிறது. நாண் திரிக்க மருள், எருக்கு, சணல் நார்களையும் சொல்கிறது. மூங்கிலின் சிறப்பு அதன் அமைப்பில் இருக்கிறது. பலமான நார்கள் பச்சைத் தோலை ஒட்டி நெருக்கமாகவும், உள்ளே போகப்போக அடர்த்தி குறைந்தும் இருக்கும். எங்கே இழுவை அதிகமோ அங்கே நார் அதிகம். எந்த எஞ்சினீயரும் இதைவிடச் சிறப்பாக வரைந்துவிட முடியாது. தோல் பக்கத்தை முதுகாக வைத்து, அதைத் தொடாமல், சீவுவதையெல்லாம் வயிற்றுப் பக்கத்தில் சீவ வேண்டும். கணுக்களின் மேடு துருத்தினாலும் அதை முழுக்க மட்டம் தட்டக்கூடாது.

எந்த மூங்கில் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சக்ரதர்பூர் பக்கத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு கேங்மேன். ஹோ இனத்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லோடுதான் திரிவார். ஆற்றங்கரையில் தளதளவென்று நின்ற மூங்கிலை நான் காட்டியபோது, "பாபு, அது தண்ணீர் குடித்தது, கூடை முடையத்தான் ஆகும்" என்று சிரித்துவிட்டு, கல்லும் கரடுமான மேட்டில் நின்ற ஒல்லி மூங்கிலைக் காட்டினார். கல்மூங்கில் என்று நாம் சொல்லும் வகை அது. வறண்ட கல் நிலத்தில் அது உள்ளே கிட்டத்தட்டக் கெட்டியாகவே வளரும். ஈரமான இடத்தில் அதே வகை கூடு விழுந்துவிடும். வயதையும் அவர் தட்டியே சொல்வார். இளம் மூங்கில் 'பொத்' என்னும். முற்றியது கணீர் என்னும். ஸ்டேஷனில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்களே, அதே வித்தைதான். மூன்று வயதுக்குக் குறைந்த மூங்கில் வேண்டாம். கணுவில் உறை ஒட்டிக்கொண்டு, தண்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது இளசு. தோலில் புள்ளிகளும் பாசித் திட்டுகளும் விழுந்திருந்தால் முற்றியது.

2017இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கில் சட்டப்படி மரக் கணக்கில் வராது. தோட்டத்துச் சொந்தக்காரரிடம் காசு கொடுத்து வாங்குவதில் சிரமம் இல்லை. ஐந்து செ.மீ. பருமனுள்ள கெட்டிக் கழி ஒன்றை இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதி ஒரு குழந்தை வில்லுக்குப் போதும். மற்ற பாதியைத் தூக்கிப் போட வேண்டாம். சோதனைக் குச்சிகளுக்கும் அடுத்த வில்லுக்கும் ஆகும்.

ஒரு சிலர் புத்தகத்தில் படித்துவிட்டு, இங்கிலாந்தில் யூ மரத்தில்தானே வில் செய்தார்கள் என்று கேட்பதுண்டு. உண்மைதான். 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலின் வில்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை முழுசாகக் கிடைத்தன. எல்லாம் யூ மரம். அந்த நாட்டில் தேவைக்குப் போதவில்லை. 1472இல், இறக்குமதியாகும் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். யூவின் வெளிவெள்ளை இழுவையையும் உள்வைரம் நசுக்கலையும் நன்றாகத் தாங்குவதால், வில்லைக் குறுகலாகவும் தடிமனாகவும் செய்ய முடிந்தது. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944இல் கிடைத்த வில்லோ எல்ம் மரம். சுமார் 9000 ஆண்டுப் பழமை. அகலமாகவும் தட்டையாகவும் செய்திருக்கிறார்கள். மரத்தின் குணத்துக்கு ஏற்ப வடிவம். நம் இமயமலையிலும் யூ உண்டு. ஆனால் புற்றுநோய் மருந்துக்காக வெட்டி வெட்டி அழியும் நிலைக்கு வந்துவிட்ட மரம் அது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

டென்மார்க் வில்லின் பாடம் நமக்கு உதவும். மேலே சொன்ன கணக்கில் 15 மி.மீ. தடிமனை 10 மி.மீ. ஆக்கினால் நாரின் நீட்சி 1 சதவீதத்திலிருந்து 0.67 சதவீதமாக இறங்கும். மரத்துக்குப் பெரிய நிம்மதி. ஆனால் வில்லின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியில் போவதால் முப்பது சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிடும். அதை ஈடுகட்ட அகலத்தை மூன்று மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். ஆகவே சுமாரான மரம் என்றால் அகலமாக, மெல்லியதாக, நீளமாகச் செய்ய வேண்டும். இதே காரணத்தால் சீவும்போது அவசரம் கூடாது. 12 மி.மீ. உள்ள இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் அதிகம் சீவினால் அந்த இடத்தின் விறைப்பில் கால்வாசி போய்விடும். பிறகு வளைவு முழுவதும் அங்கேயே வந்து குவியும்.

நீளத்துக்கு என் கணக்கு இது: குழந்தை இழுக்கும் நீளத்தைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் பத்து அங்குலம். 22 அங்குலம் இழுக்கும் பிள்ளைக்கு 54 அங்குலம். குட்டையான வில் அழகாக இருக்கும், ஆனால் அது மரத்திடம் அதிகம் கேட்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு 15 பவுண்டு இழுவை தாராளம்.

வில் உருவானதும் முதல் இழுப்பைக் குழந்தையும் செய்யக்கூடாது, நீங்களும் செய்யக்கூடாது. சுவரில் அடித்த கட்டையில் வில்லின் நடுவை மாட்டி, நாணில் கயிறு கட்டி, கீழே ஒரு கப்பி வழியாகக் கயிற்றைக் கொண்டுவந்து, பத்தடி தள்ளி நின்று இழுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு நிலையிலும் இருபது முறை. பிறகு கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நீளவாக்கில் காய்ச்சல் வெடிப்பு மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. முதுகில் சிம்பு தூக்கியிருந்தாலோ, வயிற்றில் குறுக்கே மயிரிழை போல் சுருக்கம் விழுந்திருந்தாலோ அந்த வில்லை வெட்டி அடுப்பில் போடுங்கள். பிசின் போட்டு ஒட்டிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவதும் வில்லை முறிக்கும். அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் மரத்துக்கே திரும்புகிறது. இதைக் குழந்தைக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மழைக்காலம் முடிந்து, மார்கழி, தை மாதங்களில் வெட்டிய மூங்கிலில் மாவுச்சத்து குறைவு, உளுப்பது குறையும். இரண்டு மூன்று வாரம் நீரில் ஊறப்போட்டு எடுத்தால் இன்னும் நல்லது. பிறகு நிழலில் காய வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். முசுக்கட்டை, தாமன் போன்ற மரக்கட்டைகளைப் பிளந்தவுடன் இரு முனைகளிலும் பெயின்டோ மெழுகோ பூசிவிடுங்கள். மளிகைக் கடைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டுச் சுவரில் குறித்து வாருங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தையில் வெட்டிய மூங்கிலை வைகாசிக்குள் சீவி முடித்து, ஆனி மழைக்கு முன் எண்ணெய் பூசிவிடலாம். பருத்த மரக்கட்டைக்கு ஒரு வருஷம் பொறுக்க வேண்டும்.